மூன்று சொட்டுத் தண்ணீர்

சென்ற ஐப்பசியில் அடைமழை நான்கு நாட்கள் ஓயாமல் பெய்து, சுவர்களெல்லாம் வியர்த்து, அலமாரித் துணிகளில் ஈரவாடை ஏறிவிட்டிருந்த ஒரு பிற்பகலில், பழைய தகரப் பெட்டியிலுள்ள காகிதங்களுக்குப் பூஞ்சை பிடித்திருக்குமோ என்ற கவலையில் அதைத் திறந்தேன். காகிதங்கள் க்ஷேமமாகவே இருந்தன. அவற்றின் அடியில், ஒரு கதர்த் துண்டில் சுற்றி வைத்திருந்த முழநீளப் பலகைத் துண்டை எடுத்துப் பிரித்ததும், திராட்சை வற்றலும் கிராம்பும் நெடுநாள் பூட்டிக் கிடந்த பூஜையறையின் மரவாடையும் ஒன்றாய்க் குழைந்தாற்போன்ற ஒரு மெல்லிய பரிமளம் எழுந்து, நாற்பது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தை ஒரே மூச்சில் கடந்து, ஸ்காட்லாந்தில் ஸ்பே நதிக்கரையிலுள்ள ஒரு சமையலறை மேஜையின் முன் என்னைக் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டது.

அது ஷெர்ரி மது வைத்திருந்த ஒரு பீப்பாயின் பலகை. லேசாக வில்போல வளைந்திருக்கும். வெளிப்புறம் சாம்பல் நிறம், உட்புறம் கருஞ்சிவப்பு, அந்தச் சிவப்பு மரத்துக்குள் ஒரு நெல்மணியின் அளவுக்கு இறங்கியிருப்பதை அறுபட்ட முனையில் பார்க்கலாம். வெயில் நாட்களில் அதை மூக்கருகே வைத்தாலும் வாசனை தெரிவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால்தான் அது பேசத் தொடங்கும். இதை எனக்குத் தந்த பெரியவர் முதல் நாள் கற்பித்த பாடமும் ஏறக்குறைய அதுதான்.

நான் சேலம் ஜில்லாவில் பிறந்தவன். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாக அமல்படுத்திய ஜில்லா அது என்பதை என் தாத்தா, ஏதோ தம் சொந்த சாதனையைச் சொல்வதுபோல, வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். 1971இல் அந்தச் சட்டம் தளர்ந்தபோது அவர் பட்ட வேதனையும், 1974இல் மறுபடியும் இறுகியபோது அவர் அடைந்த சந்தோஷமும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் கூடவே நினைவுக்கு வருவது, விடியற்காலையில் பால்காரர் கொண்டுவரும் பாலை உயரமான பித்தளைச் சொம்பில் ஊற்றி, அதில் லாக்டோமீட்டர் என்ற கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் குனிந்து பார்க்கும் காட்சி. கருவி சற்று அதிகமாக ஆழ்ந்துவிட்டால், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வாசலில் பெரிய விசாரணையே நடக்கும். தண்ணீர் கலப்பது ஒரு பாவம் என்ற எண்ணம் அந்த வாசலில்தான் என் மனத்தில் ஊன்றியது.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளையாகிய நான் எடின்பரோவுக்குப் போனது மரத்தின் ரசாயனம் படிப்பதற்காக. காகிதத் தொழிலுக்கு இடைஞ்சலாக மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பது என் ஆராய்ச்சி. அதை ஒழித்துக்கட்டவேண்டிய ஒரு விரோதியாகவே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் ஒரு நாள், "லிக்னினை நேசித்து அதனால் பிழைக்கிற மனிதர்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு வா" என்று சொல்லி, கோடை விடுமுறையில் வடக்கே கிரெய்கெல்லக்கி என்ற ஊருக்கு அனுப்பிவைத்தார். அங்கே பீப்பாய் கட்டும் தொழிலில் ஐம்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றிருந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் எனக்கு ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஸ்பே நதியும், அதன்மேல் தாமஸ் டெல்ஃபோர்டு 1814இல் கட்டிமுடித்த வார்ப்பிரும்புப் பாலமும் தெரியும். கோடை என்றார்களே தவிர, நான் இருந்த ஆறு வாரங்களில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாளே பெரியவர் தம் பழைய தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைவதற்கு முன்பே சம்மட்டி ஓசை கேட்டது; அது ஒழுங்கற்ற இரைச்சலன்று, ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றொருவர் எடுத்துக்கொள்ளும் தாளக் கட்டு. ஆணி இல்லை, பசை இல்லை. வளைத்த பலகைகளை இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடிப்பதாலும், இடுக்குகளில் உலர்ந்த கோரையைச் செருகுவதாலும் மட்டுமே ஐந்நூறு லிட்டர் மது ஒழுகாமல் நிற்கிறது என்பதைக் கண்டு நான் பிரமித்து நின்றேன். அமெரிக்காவிலிருந்து வரும் சிறு பீப்பாய் இருநூறு லிட்டர் கொள்ளும். அவற்றைப் பிரித்து, கூடுதல் பலகை சேர்த்துக் கட்டினால் இருநூற்றைம்பது லிட்டர் கொள்ளும் ஹாக்ஸ்ஹெட். ஸ்பெயினிலிருந்து வரும் பெரிய பீப்பாய் பட் எனப்படும். அது ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். பெரியவர் ஒவ்வொன்றின் வயிற்றுப் பக்கத்துத் துளையிலும் குனிந்து மூக்கை வைத்து, கண்ணை மூடி, "இது நல்லது", "இது களைத்துவிட்டது", "இதில் புளிப்பு ஏறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே போனார். தொழில் பழகும் இளைஞன் நான்கைந்து வருஷப் பயிற்சியை முடிக்கும் நாளில், அவன் கட்டிய பீப்பாய்க்குள்ளேயே அவனை இறக்கி, கரியும் வெல்லப்பாகும் மரச்சீவலும் தலைவழியே கொட்டி உருட்டிவிடுவார்கள் என்றும், தாம் உருண்ட நாளில் தம் தாயார் வாசலில் வெந்நீருடன் காத்திருந்தார் என்றும் அவர் சொன்னபோது, அந்த முகத்தில் பதினெட்டு வயதுப் பையனைக் கண்டேன்.

அன்றிரவுதான் அந்தச் சமையலறை மேஜை. துலிப் பூவின் வடிவத்தில், வாய் குறுகி வயிறு அகன்ற நான்கு சிறு கண்ணாடிக் கிண்ணங்களை அம்மாள் துடைத்து வைத்தார். ஷெர்ரி குடிப்பதற்கென ஏற்பட்ட கிண்ணங்கள் அவை. பக்கத்தில் ஒரு நீல ஜாடி நிறையத் தண்ணீரும் ஒரு டீஸ்பூனும். புட்டி கிளென்ஃபார்க்ளாஸ், பென் ரின்னஸ் மலையடிவாரத்தில், 1865 முதல் கிராண்ட் குடும்பத்தாரிடமே இருந்துவரும் வடிசாலையின் விஸ்கி. அதன்மேல் 105 என்ற எண் இருந்தது. நான் அதைச் சதவீதம் என்று எண்ணித் திகைத்ததைக் கவனித்த பெரியவர், அண்டைவீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற கலால் அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த அதிகாரி கையில் ஒரு மஹாகனிப் பெட்டியுடன் வந்தார். திறந்தால், வெல்வெட் மெத்தையில் ஒரு பித்தளைக் குமிழும், அதற்கு மாட்டும் எண்ணிட்ட எடைக்கற்களும் ஓர் உஷ்ணமானியும். சைக்ஸ் என்பவர் அமைத்து, 1818இல் சட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஹைட்ராமீட்டர் அது. பிரிட்டிஷ் அரசாங்கம் நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாக மதுவின் வீரியத்தை அதைக் கொண்டே அளந்து வரி வாங்கியது. ஐம்பத்தொரு டிகிரி பாரன்ஹீட்டில், அதே கனஅளவுள்ள நீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடையுள்ள மதுவே நூறு 'புரூஃப்'. இன்றைய கணக்கில் அது 57.1 சதவீதம். வெடிமருந்தை மதுவில் நனைத்துத் தீவைத்து, பற்றிக்கொண்டால் வீரியம் சரி என்று பண்டைக் காலத்தில் பார்த்தார்களாம். அந்தக் கதையை அதிகாரி கண்கள் பளபளக்கச் சொன்னார். ஆக 105 என்பது 60 சதவீதம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எழுபது புரூஃப் என்பது 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்ற பெயரே சட்டப்படி கிடையாது. 1980இல் பிரிட்டன் இந்தப் பழைய கணக்கைக் கைவிட்டுச் சதவீதத்துக்கு மாறியது.

அதிகாரி ஓர் உயரமான கண்ணாடி ஜாடியில் மதுவை ஊற்றிக் குமிழை மிதக்கவிட்டுக் குனிந்தபோது, எனக்குத் தாத்தாவின் முதுகு தெரிந்தது. ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ். சாராயச் சத்து நீரைவிட லேசானதால், வீரியம் மிகுந்த மதுவில் கருவி ஆழ்ந்து போகிறது. தண்ணீர் சேரச் சேர மேலே எழும்புகிறது. பாலில் எது திருட்டோ அது இங்கே கலை. தாத்தாவின் கதையை அவர்களிடம் சொன்னேன். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "உன் தாத்தா சொல்வது சரிதான். நாற்பது சதவீதப் புட்டியிலும் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். அதை நீயே கலந்துகொள்ளலாமே என்பதுதான் என் கட்சி" என்றார்.

அந்த மதுவை நான்கு கிண்ணங்களில் ஊற்றினார். முதலாவதில் தண்ணீர் இல்லை. இரண்டாவதில் மூன்று சொட்டு. மூன்றாவதில் சில ஸ்பூன்கள், அது நாற்பத்தாறுக்கு இறங்கும்வரை. நான்காவதில் மதுவைப்போல் இரண்டு பங்கு தண்ணீர். அது இருபது சதவீதமாகும். "அவசரப்படாதே, லூன்" என்றார். அந்த வட்டார வழக்கில் பையனை லூன் என்றே கூப்பிடுவார்கள். முதல் கிண்ணத்தை, ரோஜாவை முகர்வதுபோல நான் நேரே மூக்கடியில் கொண்டுபோனதும், ஊசி குத்தியதுபோல் கண் கலங்கிவிட்டது. கிண்ணத்தை மார்பளவில் பிடித்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு, ஆவி தானாக மேலேறி வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அப்படிக் காத்திருந்தபோது, எரிச்சலுக்கு அடியில் எங்கேயோ கருகிய சர்க்கரையின் வாசம் கேட்டது. ஒரு துளி நாக்கில் பட்டதும் நாக்கு மரத்தது. நெஞ்சுவரை ஒரு சூடான கோடு இறங்கியது. சுவை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டாவது கிண்ணத்தில் நடந்ததை இன்றும் வியப்புடனேயே நினைக்கிறேன். மூன்றே சொட்டுத் தண்ணீர். அதிலேயே திராட்சை வற்றலும், ஆரஞ்சுத் தோலும், வறுத்த பாதாமும் ஒன்றன்பின் ஒன்றாக, மண்டபத்துக்குள் விருந்தினர் நுழைவதுபோல வந்துகொண்டிருந்தன. நாற்பத்தாறில் எரிச்சல் முழுதும் அடங்கி, இனிப்பும் கசப்பும் சமமாக நின்றன. இருபதில் உடல் மெலிந்துவிட்டது. ஆயினும் வாசனை மட்டும் விரித்துவைத்த புஸ்தகம்போல் தெளிவாக இருந்தது. பல பீப்பாய் மதுக்களைக் கலந்து ஒரு ருசியை உண்டாக்கும் நிபுணர்கள் அந்த இருபது சதவீதத்தில்தான், குடிக்காமல், மூக்கினாலேயே பரீக்ஷை செய்கிறார்கள்; அங்கே எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள இடமிராது என்றார் பெரியவர். தண்ணீர் ஏன் வாசனையை எழுப்புகிறது என்று அன்று நான் கேட்டதற்கு, "உறங்குகிறவன் முகத்தில் தெளித்தால் எழுந்திருக்கிறானே, அதுபோல" என்பதே அவர் விடை. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், புகைவாசனைக்குக் காரணமான குயாகால் என்ற பொருள், வீரியம் 59 சதவீதத்துக்கு மேலிருக்கும்போது திரவத்தின் உள்ளே புதைந்து கிடப்பதையும், 45க்குக் கீழே வந்ததும் மேற்பரப்பில் வந்து தங்குவதையும் கணினிக் கணக்கினால் காட்டினார்கள். அந்தக் குயாகால் மரத்தின் லிக்னின் சிதைவதால் பிறப்பது. நான் விரோதியாக எண்ணிய பொருளின் குழந்தை! அந்தக் கட்டுரையைப் படித்த அன்று பெரியவர் உயிரோடு இல்லையே என்று ஏங்கினேன்.

பீப்பாயின் மகிமையை அவர் காட்டிய நாள் வேறு. அவர் ஓய்வுபெற்றபோது அன்பளிப்பாக வந்த இரண்டு புட்டிகள், கையால் எழுதி ஒட்டிய சீட்டுகளுடன் அலமாரியில் இருந்தன. ஒரே வடிசாலை, ஒரே வருஷத்து வடிப்பு, ஒரே வயது. ஒன்று அமெரிக்கப் பீப்பாயில் வளர்ந்தது, மற்றொன்று ஷெர்ரிப் பீப்பாயில். முதலாவது வைக்கோல் நிறம். இரண்டாவது கஷாயம்போல் செம்பழுப்பு. வடித்து இறக்கிய மது தண்ணீரைப்போல் நிறமற்றது. ஓக் மரத்துக்குள் குறைந்தது மூன்று வருஷம் கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்ற பெயர். அமெரிக்கச் சட்டம் பூர்பன் மதுவுக்கு ஒவ்வொரு தடவையும் உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால், ஒரு முறை உபயோகித்தவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வந்துவிடுகின்றன. அந்த வெள்ளை ஓக்கிலிருந்து வெனிலாவும் தேங்காய் வாசமும் வருகின்றன. ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்பும் கிராம்பும் அதிகம். முன்பு குடியிருந்த ஷெர்ரி, வற்றிய பழங்களின் இனிமையை விட்டுப்போகிறது.

ஆனால் இவற்றையெல்லாம் நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து, "உன் வாயில் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊரை எழுது" என்றார். முதல் புட்டிக்கு அவர், மழை நின்ற பின் புல்லறுத்த வயல் என்று எழுதினார். நான் தேங்காய்ப்பால் விட்ட பாயசம் என்று தமிழிலேயே எழுதினேன். இரண்டாவதற்கு அவர், தம் மனைவி கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பழக் கேக் என்றும், பழைய தேவாலயத்து மரப் பெஞ்சு என்றும் எழுதினார். எனக்கு நாக்கின் நுனியில் ஒரு சொல் இருந்தும் இரண்டு நாள் அகப்படவில்லை. மூன்றாம் நாள், சளிக்கு ஆகும் என்று என் தாயார் கப்பல் தபாலில் அனுப்பி, எடின்பரோ சுற்றி வந்து சேர்ந்த பொட்டலத்தைப் பிரித்தேன். சுக்கும் கிராம்பும், பனையோலையில் பொதிந்த கருப்பட்டியும். அந்தக் கருப்பட்டியை உடைத்தவுடன் இரண்டாவது புட்டியின் வாசம் அறையெங்கும் நிறைந்தாற்போலிருந்தது. ஒரு துண்டைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் முகர்ந்தார், வெகுநேரம் பேசவில்லை, பிறகு சிறு துண்டை வாயிலிட்டு, அந்த மதுவில் ஒரு வாய் பருகி, "உன் ஊரில் யாரோ எங்கள் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்" என்றார். அம்மாள் மிச்சத்தை ஒரு ஜாடியில் போட்டு, அடுத்த கேக்குக்கென்று மூடிவைத்தார்.

இஸ்லே தீவின் மதுவை மட்டும் அந்த வீட்டில் அதிகம் பாராட்டவில்லை. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் என்ற கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைப்பதால் வரும் டிங்சர் அயோடின் வாடை, ஸ்பே நதிக்கரையாருக்கு அன்னியமாகவே இருந்தது. எனக்கோ, அதில் எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியின் வராந்தாவும் ஈரவிறகு அடுப்பும் சேர்ந்து வந்தன. அதை நேசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் பெரியவரோடு நான் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பண்டகசாலையையும் அதிகாரியின் தயவால் ஒரு முறை பார்த்தேன். மண் தரை, கருங்கல் சுவர், மூன்றடுக்காகப் பீப்பாய்கள், ஈரத்தில் கனிந்த ஓர் இனிய வாசனை. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வடிசாலையிடம், மற்றொன்று கலால் அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தாலன்றித் திறக்காது. வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் மரத்தின் வழியாகக் காற்றில் போய்விடும். அதைத் தேவதூதர்களின் பங்கு என்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஐந்நூறு லிட்டரில் நூற்றைம்பது போய்விடுகிறது என்று கணக்குப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அந்த ஈரக் காற்றில் நீரைவிடச் சாராயச் சத்தே அதிகம் வெளியேறுவதால், அறுபத்து மூன்றரையில் நிரப்பிய மது இருபது வருஷத்தில் ஐம்பதுகளின் நடுவுக்கு இறங்கிவிடும். உஷ்ணமும் வறட்சியும் மிகுந்த கென்டக்கியின் மேல்மாடிகளிலோ வீரியம் ஏறுவதும் உண்டு. தொழிலாளர் சிலர் செப்புக் குழாயின் ஒரு முனையை அடைத்து, கால்சட்டைக்குள் தொங்கவிட்டு மதுவைக் கடத்துவார்களென்றும், எஜமானனை விட்டுப் பிரியாததால் அதற்கு நாய் என்று பெயரென்றும், நாற்பது வருஷம் அவர்களைப் பிடிக்கும் உத்தியோகம் பார்த்த அதிகாரி மிகுந்த வாஞ்சையோடு சொன்னார்.

பல வருஷம் கழித்து மறுபடியும் போனேன். 1980களில் அந்த இரட்டைப் பூட்டு முறை மறைந்துவிட்டிருந்தது. ஷெர்ரியைப் பீப்பாயிலேயே பிரிட்டனுக்கு அனுப்பும் வழக்கத்தையும் ஸ்பெயின் அதே காலத்தில் நிறுத்திவிட்டதால், இப்போது விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, அதில் ஓரிரு வருஷம் ஷெர்ரியை ஊறவைத்து அனுப்புகிறார்கள். பழைய பீப்பாயின் ஆழம் அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம், பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அமெரிக்கப் பீப்பாயில் வளர்ந்த மதுவைக் கடைசியில் சில மாதங்கள் ஷெர்ரிப் பீப்பாய்க்கு மாற்றி இரண்டின் குணத்தையும் ஏற்றும் வித்தை பரவியிருந்தது; 1993இல் பால்வெனி டபுள்வுட் என்ற பெயரில் வந்ததை எடின்பரோவில் ருசித்தேன்; அது நல்ல காரியம் என்றே தோன்றியது. லீத் துறைமுகத்தில் 1983இல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம், ஒவ்வொரு பீப்பாயையும் தனித்தனியாக, அதன் இயற்கை வீரியத்திலேயே புட்டியில் அடைத்து அங்கத்தினருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரியவரின் கட்சி ஜெயித்துவிட்டது. அவர்தாம் இல்லை.

அம்மாள் அதே மேஜையில் அதே நீல ஜாடியை வைத்தார். பிறகு உள்ளே போய், பெரியவர் எனக்கென்று எடுத்துவைத்த இந்தப் பலகைத் துண்டையும், நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். கடைசிப் பக்கங்களில் பெரியவரின் எழுத்து நடுங்கியிருந்தது. மூன்று இடங்களில், என்னிடம் கேட்டுக் கற்ற அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் கருப்பட்டி என்று எழுதிவைத்திருந்தார்.

மழை நின்ற மறுநாள், என் நண்பரின் பேரன் வந்தான். பழனியிலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை. வெளிநாட்டுப் பிரயாணத்திலிருந்து ஷெர்ரிப் பீப்பாய் மது ஒன்றை, 58 சதவீத வீரியத்தில், எனக்கென்று வாங்கி வந்திருந்தான். ஐஸும் சோடாவும் எங்கே என்று கேட்டவனை உட்காரச் சொல்லி, துலிப் கிண்ணம் இரண்டை எடுத்து வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும் கொண்டுவரச் சொன்னேன். மூன்று சொட்டு விட்டேன். தெளிந்த மதுவில் தண்ணீர் விழுந்த இடத்தில் எண்ணெய்க் கோடுகள்போல் ஏதோ சுழன்று மறைவதை அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்பளவில் பிடிக்கச் சொன்னேன். வாயைச் சற்றுத் திறக்கச் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தான்.

"தாத்தா, இது எங்க ஊர்ப் பஞ்சாமிர்தம் மாதிரி இருக்கு" என்றான்.

நான் எழுந்துபோய்த் தகரப் பெட்டியிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கருப்பட்டிக்கு அடுத்த வரியில் அந்தச் சொல்லையும் எழுதினேன்.